ஆடி மாதத்தில் தஞ்சைக்கு வருபவருக்கும் ஓர் ஆட்டம் வேண்டும்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் சுற்றுலாப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் குடியிருப்பவன். அண்மையில் முதல்முறையாக இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய், அங்கே உபுத் என்ற ஊரில் தங்கிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உபுத்தில் கடற்கரை கிடையாது. சுற்றிலும் வயலும் கோயிலும்தான். ஆனாலும் உலகமே அங்கே போகிறது. நடு ஊரில் அரச குடும்பத்தின் பழைய அரண்மனை. அதன் முற்றத்தில் இரவு ஏழரை மணிவாக்கில் ஆட்டம் தொடங்கிவிடும். இந்தக் கிழமை இந்தக் குழு என்று பட்டியலே இருக்கிறது. யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். சீட்டு ஒரு லட்சம் ரூபியா. பயந்துவிடாதீர்கள், நம் பணத்தில் ஐந்நூறு, அறுநூறுதான்.

நான் பார்த்தது லெகோங் என்ற பாலி நாட்டியம். ஆடும் பெண்களின் விரல் நுனி ஓயாமல் துடிக்கிறது. கண் சட்டென்று ஓரத்துக்குப் போய்த் திரும்புகிறது. மேளக்காரர் பார்வையை அவர்கள் மேலிருந்து எடுப்பதே இல்லை. நம் நட்டுவனார் போலத்தான். கமெலான் என்ற அவர்கள் மேளத்தில் வெண்கலப் பட்டை வாத்தியங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் ஒன்றின் சுருதியை மற்றதைவிட ஒரு துளி ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகத் தட்டினால் நாதம் அலை அலையாக எழும்புகிறது. சுருதி சுத்தத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் என்னவோ போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் சொக்கிப்போனேன்.

பகலில் பக்கத்து ஊர்கள். மாஸில் மரச்சிற்பம், செலுக்கில் வெள்ளி வேலை, பத்துபூலானில் கல், பத்துவானில் ஓவியம். இதெல்லாம் தானாக நிலைத்துவிடவில்லை. பயணிகளுக்காக மட்டமான சரக்கு பெருகிவிடக் கூடாது என்று 1936இலேயே அரச குடும்பத்தாரும் ஓவியர்களும் பீத்தா மஹா என்ற சங்கம் வைத்துத் தரம் பார்த்திருக்கிறார்கள். 1956இல் பூரி லுகிசான் ஓவியக்கூடம் திறந்தார்கள். ஆக, யாரோ பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதநாட்டிய வரிசையைத் தஞ்சை நால்வர் என்ற அண்ணன் தம்பிகள் வகுத்தது நம் மண்ணில். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு எல்லாம் புவிசார் குறியீடு வாங்கியவை. எதில் குறைந்துபோனோம்? சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி உண்டு. தை மாதத்தை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை உண்டு. நரசிம்ம ஜெயந்தி சமயத்தில் மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் உண்டு. அந்தத் தேதியில் வந்தவருக்கு யோகம். ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை வருபவர்? பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, லாட்ஜுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான். அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சாமி சிலைகளை உலோகத்தில் வார்க்கும் சுவாமிமலையில் பயணி பார்ப்பது பெரும்பாலும் கடையைத்தான். உள்ளே ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து மடித்து, அந்த ஒடியோலையால் தலைக்கு இவ்வளவு, உடம்புக்கு இவ்வளவு என்று அளவெடுப்பதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் சிலையின் உருவத்தைப் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசுவார்கள். மெழுகின் மேலுள்ள ரேகைகூட அந்த மண்ணில் அப்படியே பதிந்துவிடும். அப்புறம் சுட்டு, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை வார்ப்பார்கள். ஆறு கொண்டுவந்த மண்ணில்தான் சாமியே உருவாகிறது. இதைப் பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் வெறுங்கையோடு போகட்டும், பரவாயில்லை. பார்த்தவர் மறக்க மாட்டார்.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. தஞ்சையில் ஓர் இடம், வாரத்தில் மூன்று மாலை, ஒரே நேரம், வருஷம் முழுக்க. பரதம், நாதஸ்வரம், பொய்க்கால் குதிரை என்று முறைவைத்து, அக்கம்பக்கத்து ஊர்க் குழுக்களே வரட்டும். சீட்டுப் பணத்தில் பெரும்பங்கு ஆடியவர்களுக்கே போகட்டும். பட்டியலை ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒட்டுங்கள். பத்தே பேர் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். இன்றைக்கு நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த தடவை அந்தப் பத்துப் பேரும் வர மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் உபுத்திடமிருந்து எடுக்க வேண்டாம். அங்கே வயல்கள் விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன, சாலையில் வண்டி நகர்வதில்லை. பாலியின் சுபக் என்ற பாசன முறையை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அப்படியும் இந்த நிலைமை. டெல்டாவை நாம் 2020இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியிருக்கிறோம். அதனால் தங்கும் வசதி இருக்கிற ஊர்களுக்குள்ளேயே, பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீடுகளில் வரட்டும். ஒரு மா நிலம்கூட இதற்காகப் போகக் கூடாது.

நாகஸ்வரக்காரர்கள், நாட்டியக்காரர்கள், பொய்க்கால் குதிரைக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். இடத்தையும் கிழமையையும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்துக்காரன் ஒருவன்