எங்கள் முன்னோட்டத்தைச் செதுக்கித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

காட்சித் தொடர்பியல் துறையின் இறுதியாண்டுப் பணியாக நாங்கள் எடுத்த திகில் படத்தின் முன்னோட்டம் இப்போது நிறைவடைந்திருக்கிறது. வினாத்தாளை நிரப்பித் தந்தவர்கள், வகுப்பு முடிந்த பின்னும் விடுதியில் காத்திருந்து கலந்துரையாடிய தோழியர், திண்ணையில் இடமும் தங்கள் நேரமும் தந்த மகளிர் சுயஉதவிக் குழுவின் அம்மாக்கள், இசை சேராத முதல் தொகுப்பைப் பொறுமையுடன் பார்த்தவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

படைப்பவர் ஏற்றி அனுப்பும் பொருளும் பார்ப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதியதை வகுப்பில் படித்திருந்தோம். அதை எங்களுக்கு உணர்த்தியவர்கள் அந்த அம்மாக்கள்தான். வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக ஒரு பெண் கிணற்றடியில் நிற்கும் காட்சியைக் கண்டு அவர்களில் யாரும் அஞ்சவில்லை. கணவரை இழந்தபின் வெள்ளை உடுத்தியவர்கள் தங்கள் வீட்டிலும் இருப்பதாகவும், அந்தக் கோலத்தையே பேயாகக் காட்டுவது மனத்தை வருத்துவதாகவும் ஒருவர் சொல்ல, மற்றவர்களும் ஆமோதித்தார்கள். அந்த உருவத்தை முன்னோட்டத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்பதையும் அவர்களே காட்டித் தந்தார்கள்: ஆளில்லாக் கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டுச் சுழல்வதும், தளர்ந்து தொங்கிய கயிறு கனம் ஏறியதுபோல் விறைப்பதுமே அவர்களை உண்மையில் அச்சுறுத்தியவை. ஓரமாக வந்துபோன அந்தச் சில நொடிகளைச் சுற்றித்தான் முன்னோட்டம் முழுவதையும் மீண்டும் அடுக்கினோம்.

முன்னோட்டங்களைப் பெரும்பாலும் கைபேசியில், அதுவும் ஹெட்போன் இல்லாமல் பார்ப்பதாக வினாத்தாளில் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு பதில் ஒலிக்கலவையையே மாற்றியது. பெரிய ஒலிபெருக்கியில் நெஞ்சை அதிரவைக்கும் தாழ்ந்த முழக்கம் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பெரும்பகுதி மறைந்துபோகிறது. ராட்டினத்தின் கிறீச்சொலியோ எந்தக் கருவியிலும் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே முழக்கத்தைக் குறைத்து, கிறீச்சொலிக்கு முன்னும் பின்னும் அமைதியை நீட்டினோம். பகல் வெளிச்சத்தில் திரையில் எதுவும் தெரியவில்லை என்றவர்களுக்காக இரவுக் காட்சிகளின் வண்ணத்தையும் சற்றே வெளுப்பாக்கினோம்.

முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் மக்களுக்கு மனம் வருவதில்லை. அதனால் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதை விடுத்து, பார்த்ததைக் கதையாகச் சொல்லும்படி வேண்டினோம். நீங்கள் சொன்ன கதைகளைக் கேட்டபோதுதான் படத்தின் முடிவையே முன்னோட்டம் சொல்லிவிடுவது தெரிந்தது. கதையில் வரும் அண்ணன் கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கும் காட்சியை உடனே நீக்கினோம். நகைச்சுவைக் காட்சி ஒன்றும் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பேயும் சிரிப்பும் கலந்த படங்களுக்குப் பழகிய ரசனை எங்களுக்குப் புரிகிறது. இந்தக் கதையின் துயரத்துக்கு அது பொருந்தாது என்பதால் அதை மட்டும் ஏற்க இயலவில்லை, பொறுத்தருள வேண்டுகிறோம்.

2009இல் வெளிவந்த பாராநார்மல் ஆக்டிவிட்டி என்ற அமெரிக்கத் திகில் படத்தின் முன்னோட்டம், திரையரங்கில் அஞ்சி ஒடுங்கும் பார்வையாளர்களையே காட்டி ஆவலைத் தூண்டியது. ஆனால் உங்கள் முகங்களை நாங்கள் பதிவு செய்தது அப்படிக் காட்டுவதற்காக அல்ல, எந்த நொடியில் பார்வை திரையைவிட்டு விலகுகிறது என்பதை அறிய மட்டுமே. உங்களிடம் வாக்களித்தபடி, மதிப்பீடு முடிந்தவுடன் அந்தப் பதிவுகளை அழித்துவிடுவோம். எழுத்தில் தந்த பதில்களைப் பெயர் நீக்கி, அடுத்த ஆண்டு மாணவர்களின் பயன்பாட்டுக்காகத் துறையில் ஒப்படைக்கிறோம். துறையின் திரையிடலுக்கு உங்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். அம்மாக்களுக்கு அவர்கள் ஊரிலேயே தனியாகத் திரையிட்டுக் காட்டுவோம்.

நன்றியுடன்,
இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு மாணவர்கள்