இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமைகளில் நம் இயற்பியல் ஆசிரியர் மொட்டை மாடியில் நடத்தும் செயற்கைக்கோள் பார்க்கும் குழுவைப் பற்றி. "இதற்கு மார்க் உண்டா சார்?" என்று சிலர் கேட்டீர்கள். கிடையாது. ஆனால் 1966-இல் இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியரும் மாணவர்களும் சோவியத் செயற்கைக்கோள்களின் சிக்னலை வானொலிப் பெட்டியில் கேட்டு, நேரம் குறித்துக் கணக்குப் போட்டார்கள். காஸ்மாஸ் 112-இன் பாதை, அதுவரை தெரிந்த ஏவுதளங்களோடு பொருந்தவில்லை. அப்படித்தான் பிளெசெட்ஸ்க் என்ற ரகசிய சோவியத் ஏவுதளம் வெளியுலகுக்குத் தெரிந்தது. சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983-இல்தான்!

நம் பிள்ளைகளிடம் இருப்பது ஸ்டாப் வாட்சும் நோட்டும்தான். போன வாரம் ஒளி கூடியும் குறைந்தும் போன ஒன்றைப் பார்த்து, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு மினுக்கலுக்கும் "இப்போ, இப்போ" என்று சொல்ல, பக்கத்திலிருந்தவன் நொடிகளை எழுதினான். அது வேலை முடிந்து உருண்டுகொண்டே சுற்றும் ராக்கெட் பாகம்.

இதைப் பகலில் வைக்கக் கூடாதா என்றால், முடியாது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும். மேலே போகும் பொருளின் மீது வெயில் பட வேண்டும். சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரமும், விடிவதற்கு முன் ஓரிரு மணி நேரமும்தான் அதற்குத் தோது. அதனால்தான் மாலை 6.30 முதல் 7.30 வரை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் சர்வதேச விண்வெளி நிலையம் சில நிமிடங்களில் நம் வானத்தைக் கடந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிள்ளைகளோ எட்டே கால் வரை கேட்டில் உங்களுக்காகக் காத்து நிற்கிறார்கள். வேலை, டிராஃபிக், கைக்குழந்தை என்று உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஒருநாள் தாமதமானால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் "இதோ தெரு முனையில இருக்கேன் சார்" என்பது நியாயமில்லை. கடைசிப் பிள்ளை போகும்வரை ஆசிரியரும் வாட்ச்மேனும் வீட்டுக்குப் போக முடியாது. காத்திருந்து சலித்த சிலர் ஒரே பைக்கில் மூன்று பேராகக் கிளம்பியதை நானே பார்த்தேன்.

இதை இனி அனுமதிக்க மாட்டேன். 7.30-க்குப் பெற்றோரோ, நீங்கள் எழுதிக் கொடுத்த பெரியவரோ நேரில் வந்து கையெழுத்திட்டு அழைத்துப் போக வேண்டும். இரண்டு முறை தாமதமானால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் மாடிக்கு அனுமதி இல்லை. உங்கள் தாமதத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா என்று கேட்பீர்கள். எனக்கும் மனசு வரவில்லை. பாதுகாப்பு என்று வரும்போது வேறு வழி தெரியவில்லை.

பெரும்பாலானோர் நேரத்துக்கே வருகிறீர்கள். சிலர் முன்கூட்டியே வந்து, மாடியேறி, பிள்ளைகளோடு அண்ணாந்து பார்க்கிறீர்கள். ஜமக்காளமும் சுக்குக் காபியும் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் நன்றி. அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது, டார்ச் இருந்தால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். வெள்ளை வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசச் செய்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்