தாராவி இலவசப் பல் மருத்துவமனைக்கு முப்பரிமாணப் படக் கருவி: நன்கொடை வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

முருகன் அருளால் பெரும்பகுதிப் பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் கருவிக்குச் சொன்ன விலை தை 1 வரைதான். அதற்குள் இன்னும் 11,25,000 ரூபாய் வேண்டும்.

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த நம் முன்னோர், சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் குடியேறினார்கள். கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். யாரிடமும் கையேந்தாமல் தங்களுக்குள் பணம் திரட்டியே அத்தனையும் செய்தார்கள். இந்த மருத்துவமனையும் அப்படி எழுந்ததுதான்.

இந்தக் கருவி எதற்கு என்கிறீர்களா? கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர். சிலருக்கு நாக்குப் பக்கமாக மூன்றாவது வேர் இருக்கும். அடுத்த பல்லில் வேர்கள் ஒட்டிக்கொண்டு, உள்ளே நரம்பு ஓடும் குழாய் பிறைபோல் வளைந்திருப்பதும் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு வேர் இன்னொன்றை மறைத்துவிடும். கண்ணுக்குத் தப்பிய குழாயில் கிருமி தங்கினால், ரூட் கெனால் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்த பல்லிலேயே மறுபடி சீழ் வைக்கும். வலி பொறுக்காமல், "புடுங்கிடுங்க டாக்டர்" என்று கெஞ்சுகிறார்கள். காப்பாற்றியிருக்க வேண்டிய பல் அது!

நாம் வாங்கப்போகும் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே கருவி தலையைச் சுற்றிவந்து படமெடுக்கும். வேர் எத்தனை, எந்தப் பக்கம் வளைகிறது என்று மருத்துவர் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு கூடுதல் என்பதால் எல்லோருக்கும் எடுக்க மாட்டோம். சந்தேகமுள்ள பல்லுக்கு மட்டும்தான்.

கருவி 31,50,000. அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி அறைக்கு ஈயத் தடுப்பும் மின் வேலையும் 4,20,000. கணினி 1,80,000. ஆக மொத்தம் 37,50,000. வந்தது 26,25,000.

அதைத் தந்தவர்களை எப்படி மறப்போம்? விடியுமுன் இட்லிக் கூடை தூக்கும் தாய்மார்கள் வாரந்தவறாமல் தந்தார்கள். தோல் பட்டறைத் தொழிலாளர்கள் போனஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளும் மொய்யை எதிர்பாராமல் கவர் கொண்டுவந்த தகப்பனார், பேர் போட வேண்டாம் என்றார். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை அப்படியே கவிழ்த்தார்கள். அத்தனை பேர் பாதத்துக்கும் எங்கள் வணக்கம்.

இங்கே பிறந்து, படித்து, இன்று டோம்பிவிலியிலும் நவி மும்பையிலும் சொந்த வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் உரிமையோடு கேட்கிறோம்: இட்லி விற்பவர் பெயர் இருக்கும் நன்கொடைப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாதது உங்கள் பெற்றோருக்கு அழகா?

ஞாயிறு மாலை மருத்துவமனை வாசலில் குழுவினர் இருப்போம். காசோலையும் வாங்குவோம், ரொக்கமும் வாங்குவோம். கையோடு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் குழுவினர்