கறுப்பு உடையும் மஞ்சள் கோட்டும்

அன்புக் கண்ணு,

நேற்று போனில் நீ அதிகம் பேசவில்லை. உன் சிநேகிதிக்குப் பரிசு கிடைத்ததையும் உனக்குக் கிடைக்காததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாய். அவளோடு பேசினாயா என்று கேட்க வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவுக்கு வந்தபோது நீ இங்கேயே வைத்துவிட்டுப் போன புத்தகங்களை மதியத்தில் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் 1954இல் பாரிஸில் நடந்த கம்பளி உடைப் போட்டி பற்றி வருகிறது. பிற்பாடு உலகப் பேர் வாங்கின இரண்டு உடை வடிவமைப்பாளர்கள் சின்னப் பையன்களாக அதில் ஜெயித்திருக்கிறார்கள். கவுன் பிரிவில் முதல் பரிசு ஈவ் சான் லோரானுக்கு, வயது 18. கோட் பிரிவில் கார்ல் லாகர்ஃபெல்டுக்கு, வயது 21. ஈவ் வரைந்தது கறுப்பு உடை. கார்ல் வரைந்தது மஞ்சள் கோட். முன்கழுத்து ஏறி, முதுகில் வி வடிவில் இறங்கும். இத்தனை வருஷம் பிளவுஸ் வெட்டுகிறவள் நான், பின்கழுத்தைத்தானே முதலில் பார்ப்பேன்! கனமான கம்பளியில் அப்படி இறக்கினால் தோள் நழுவாமல் நிற்பது லேசில்லை. அந்தப் பையனுக்குத் துணியின் குணம் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் மனசில் நின்றது. அதற்கு முந்தின வருஷம் இதே போட்டியில் ஈவுக்கு மூன்றாம் பரிசு. அதை வாங்க அல்ஜீரியாவின் ஓரானிலிருந்து கடல் தாண்டி அம்மாவும் அவரோடு பாரிஸுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் பரிசுக்குத்தான் கண்ணு அந்த அம்மா அவ்வளவு தூரம் போனார்.

அந்தப் போட்டியில்தான் இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆனார்கள். ஒருவர் ஓரான், இன்னொருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க். போர் முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத பாரிஸில் ஒரு ஜெர்மன்காரப் பையன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்துப் பார். இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள், இரண்டு பேருக்கும் துணிப் பைத்தியம். அதுதான் ஒட்டவைத்திருக்கும் என்று நினைக்கிறேன். 1955இல் பாரிஸில் சொந்தமாக உடை நிறுவனம் நடத்தின பால்மேன் கார்லைச் சேர்த்துக்கொண்டார், அதேபோல நிறுவனம் நடத்தின டியோர் ஈவைச் சேர்த்துக்கொண்டார். ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள்தான். ஆனாலும் வேலை முடிந்தால் கார்லின் திறந்த காரில் ஒன்றாகச் சுற்றினார்கள்.

அப்புறம் வந்ததுதான் நீ கவனிக்க வேண்டியது. 1957 அக்டோபரில் டியோர் திடீரென்று இறந்துபோக, 21 வயதில் அந்த நிறுவனத்தின் வடிவமைப்பே ஈவ் தலையில் வந்து விழுந்தது. 1958 ஜனவரியில் அவருடைய முதல் காட்சி. டியோர் 1947இல் இடுப்பைச் சிக்கென்று பிடித்துப் பேர் வாங்கினவர். இந்தப் பையன் இடுப்பை விட்டுவிட்டான். தோளை ஒடுக்கிப் பிடித்து, அங்கிருந்து துணியை அப்படியே விரித்துவிட்டான். இடுப்பு ஒட்டி நிற்கத் துணியை மடித்துத் தைக்கிற டார்ட் பிடித்தே பழகின கைக்கு, அதைக் கைவிடத் தைரியம் வேண்டும். பாரிஸே கொண்டாடியது. அதே வருஷம் கார்ல் ழான் பட்டூ நிறுவனத்தில் முதல் காட்சி வைத்தார். பத்திரிகைகள் நல்லபடியாக எழுதவில்லை.

ஒருவர் உச்சியில், இன்னொருவருக்கு அடி. அப்போதும் அவர்கள் பிரியவில்லை. 1960இல் ஈவை ராணுவத்துக்கு எடுத்தார்கள். மனசு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், டியோர் வேலையும் போனது. அப்புறம் சொந்த நிறுவனம் தொடங்கினார். கார்லோ 1964இல் க்ளோயே, 1965இல் ஃபென்டி என்று நிறுவனம் நிறுவனமாக வரைந்துகொடுத்தார். பெரிய பேர் அவருக்கு மெதுவாகத்தான் வந்தது; ஷனேல் என்ற பெரிய நிறுவனத்தின் வடிவமைப்பு அவர் கைக்கு வந்தது 1983இல்தான்.

1970களில் அவர்கள் பிரிந்தது உண்மை. ஆனால் அது ஒரு மனிதரை இரண்டு பேரும் நேசித்ததால் வந்த விரிசல். பரிசோ பதவியோ அந்தப் பதினைந்து, இருபது வருஷச் சிநேகிதத்தை ஒன்றும் செய்யவில்லை. இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பிற்பாடு வந்த பகையைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ராத்திரியில் ஒருவன் உலகப் புகழ் அடைந்தபோதும் இன்னொருவன் கூடவே இருந்தானே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன் சிநேகிதி வீட்டுக்கு வந்தபோது உன் பாவாடைக்கு விடிய விடிய ஹெம்மிங் போட்டுக்கொடுத்தாள். நீ தூங்கிவிட்டாய், உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தையலும் வெளியே தெரியாமல் எடுத்தாள். அந்தக் கைக்குக் கிடைத்த பரிசு எனக்குச் சந்தோஷம்தான். உனக்குக் கிடைக்காதது வருத்தமும்தான். இரண்டையும் உன்னிடம் சொல்லலாம் இல்லையா?

சரி, பொங்கலுக்கு டிக்கெட் போடும்போது அவளுக்கும் சேர்த்துப் போடு. அவளுடைய அம்மா நம்பரை அனுப்பு, நானே பேசிக் கேட்கிறேன். இரண்டு பேரின் அளவும் என் நோட்டில் இருக்கிறது. கலர் மட்டும் அவளிடம் நீயே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா