மாடு முட்டினால் எங்கே போவது?

ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவரை அவர் வளர்த்த மாடே வயிற்றில் முட்டிக் குடல் வெளியே வந்துவிட்டது. ஆளாளுக்கு உள்ளே தள்ளப் பார்த்தார்கள், ஒருவர் சோடா வேறு நீட்டினார். இரண்டுமே தப்பு. சுத்தமான ஈரத்துணியால் மூடி, வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். 108 சீக்கிரம் வந்தது, ஆனால் முதலில் போன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இல்லை, அப்புறம் இன்னும் 60 கிலோமீட்டர்! சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடும் வயசாளிகளுக்கு உள்ளே ரத்தம் போனாலும் நாடித்துடிப்பு ஏறாது, பார்க்க நன்றாக இருப்பதுபோலவே தெரியும் என்று அங்கேதான் சொன்னார்கள். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை 2021 முதல் இருக்கிறது, சரி, மாட்டுக்கொம்புக் காயத்துக்கும் அதை நீட்டக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு விவசாயி