கிரிக்கெட்டில் இடம் கிடைக்காதவரா லியம் ஹென்ட்ரிக்ஸ்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் லியம் ஹென்ட்ரிக்ஸ் பெயரைப் பார்த்ததும் ஆசையாகப் படித்தேன். "கிரிக்கெட்டில் இடம் கிடைக்காமல் பேஸ்பாலுக்குப் போன ஆஸ்திரேலியர்" என்று ஒரு வரி. மனசு விட்டுப்போயிற்று.

யார் சொன்னது இதை? அவருடைய அப்பா வெஸ்ட் பெர்த் அணிக்காக ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடியவர். மகன் பேஸ்பாலை விரும்பி எடுத்துக்கொண்டு, 2007-இல் பதின்வயது தாண்டும் முன்பே அமெரிக்காவின் மினசோட்டா ட்வின்ஸ் அணியில் ஒப்பந்தமானார். இது தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

என் மகனும் இங்கே பெர்த்தில் பேஸ்பால் ஆடுகிறான், ஹென்ட்ரிக்ஸைப் போலவே பந்து வீசும் பிட்சர்தான். ஊருக்குப் போனால் "ஏண்டா, கிரிக்கெட்ல சேத்துக்கலையா?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான். இனி அவர்கள் தங்கள் இதழையே எடுத்துக் காட்டுவார்கள்.

இடம் கிடைக்காமல் ஹென்ட்ரிக்ஸ் தவித்தது உண்மைதான். ஆனால் அது பேஸ்பாலுக்குள்ளேயே நடந்தது. 2018 ஜூனில் அப்போது அவர் ஆடிய ஓக்லாந்து அணி அவரைக் கழற்றிவிட்டபோது அமெரிக்காவின் மேல்நிலை லீக்கில் மற்ற 29 அணிகளில் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. நாஷ்வில்லில் கீழ்நிலை லீக்கில் ஆடித் திரும்பி வந்தார். அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான, தோற்றால் வெளியேற வேண்டிய வைல்ட் கார்டு ஆட்டத்தில் ஓக்லாந்துக்காக முதலில் பந்து வீச நிறுத்தப்பட்டவரும் அவர்தான். அதில் அவர் பந்தை யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ், கிரிக்கெட் சிக்ஸர் போல, ஹோம் ரன் அடித்தார், சரி. அடுத்த ஆண்டே சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுப்பது அப்போது அவர் வேலையாக இருந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் மேல்நிலை லீக்கின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீக்கில் சிறந்த ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்) விருது அவருக்குத்தான். 2023 ஜனவரியில் ரத்தப் புற்றுநோய் வகையான லிம்போமா இருப்பதாக அறிவித்தவர், மே மாதக் கடைசியில் சிகாகோ வைட் சாக்ஸ் சீருடையில் மறுபடி மைதானத்தில் நின்றார். தாங்கள் இதை "உடல்நலக் குறைவுக்குப் பின்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். லிம்போமா சிகிச்சைக்கு என் அண்ணனோடு மருத்துவமனைக்கு அலைந்தவள் என்பதால் அது எனக்கு இன்னும் வலித்தது.

பழசையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பேஸ்பால் அரையிறுதியில் ஆஸ்திரேலியா ஜப்பானை 1-0 என்று வென்று, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. தங்கள் ஒலிம்பிக் சிறப்பிதழில் ஒரு வரி இல்லை. மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்த பெர்த்காரர் பீட்டர் மொய்லன், நாடுகள் மோதும் 2006 உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் வீசிய வீச்சால் அமெரிக்காவின் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குப் போனதைப் பற்றி அப்போதே எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. கிரிக்கெட் வீரரின் தலைமுடிக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, அவர் பெயருக்கு மேலே இருந்த படத்தில் முகக்கவசத்தோடு குந்தியிருப்பவர் பந்தைப் பிடிக்கும் கேட்சர். பிட்சர் ஒருவரின் படத்தை மாற்றிப் போட்டால் நன்றாக இருக்கும்.

நெடுநாள் வாசகி,
பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா