சலாலாவிலிருந்து வந்த பொட்டலம்

கீழக்கரை

அன்பு யூசுப்,

ஓமான் நாட்டுச் சலாலாவிலிருந்து நீ கொடுத்துவிட்ட லுபான் என்ற வாசனைப் பிசின் பொட்டலத்தை உன் மகன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். சாயங்காலமே தூபக்காலில் சிரட்டைக் கங்கு எடுத்து, வெளிர்மஞ்சளாக இருந்த ஒரு கட்டியை வைத்தேன். ஓரம் உருகி, குமிழ் விட்டு, அப்புறம்தான் புகை எழுந்தது. "யாரு எலுமிச்சை நறுக்குனது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் இவள்.

நம் சாம்பிராணிக்கு இந்த வாசம் கிடையாது. அதில் ஒரு தித்திப்பு இருக்கும். அது சுமத்ரா பக்கத்து மரத்துப் பிசின். 1340-களில், அரபிகள் மாபார் என்று சொன்ன நம் கரைக்கு வந்துபோன மொராக்கோ பயணி இப்னு பதூதா, அந்தத் தீவை ஜாவா என்றுதான் குறிப்பிடுகிறார். அரபிகள் அந்தப் பிசினை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா லுபான், என்றார்கள். அந்தப் பேர் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து பென்சாயின் ஆனது. பிளஸ் டூவில் நீயும் நானும் மண்டையை உடைத்துக்கொண்ட பென்சீனுக்கும் அதிலிருந்துதான் பேர். படித்ததும் உனக்குச் சொல்லத் துடித்தேன்.

எகிப்து அரசி ஹட்ஷெப்சுட் கதை இன்னும் பெரிது. சுமார் 3500 வருஷத்துக்கு முன் புந்த் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, வாசனைப் பிசின் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவரச் செய்தாள். அவள் கட்டிய கோயில் சுவரில் அந்தக் கூடைகளை இன்றும் பார்க்கலாம். நம் சங்கப் பாட்டுப் பெண்கள் அகில் புகையில் கூந்தல் உலர்த்தினார்கள். ஏர்வாடி தர்காவிலும் ஓரியூர் அருளானந்தர் கோயிலிலும் நம் தெரு அம்மன் சன்னதியிலும் நிற்கும்போது, இந்தச் சாம்பிராணிப் புகையும் கடல்வழி வந்த சரக்குதானே என்று நினைத்துக்கொள்வேன்.

பேத்திக்கு நாற்பது நாள் ஆகிறது. குளிப்பாட்டியதும் புகை காட்டவேண்டும் என்று அம்மா பிடிவாதம். பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. நான் கூடத்தில் மட்டும் போட்டு, ஜன்னலைத் திறந்து, புகை அடங்கியபிறகு பிள்ளையைத் தூக்கிவரச் சொல்கிறேன். போன மாசம் ஒரு கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் சாம்பிராணி வெறும் மரத்தூள், வீடெல்லாம் இருமல். அதனால் உன் பொட்டலத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. மரத்தின் பட்டையைக் கீறினால்தான் பால் வடியும், அது இறுகினால்தான் லுபான். ஓயாமல் கீறினால் பூவும் விதையும் குறைந்து, கன்று முளைப்பதே அரிதாகிவிடும் என்கிறார்கள். மலைப்பக்கம் போனால் இளங்கன்றுகள் இருக்கின்றனவா என்று பார். ஒரு மரத்துக்கு எத்தனை வருஷம் ஓய்வு விடுகிறார்கள் என்றும் விசாரித்து எழுது.

உன்
முருகேசன்